‘எந்தக் குற்றமும்’ என்னும் சொற்றொடர்

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் அந்நிய ஆட்சியாளர் இயற்றியது. அதுகூட, ஒருவருடைய செய்தியை இடைமறிக்க வேண்டுமானால் பொது நெருக்கடி நேர்ந்திருக்க வேண்டும், அல்லது பொதுமக்களின் பாதுகாப்பு அதனை வேண்டி நிற்க வேண்டும் என்று வாயிலிலேயே ஒரு தடையை வைத்திருந்தது. இணையத்திற்கென நாமே இயற்றிக்கொண்ட தகவல் தொழில்நுட்பச் சட்டமோ அத்தடையை விட்டுவிட்டது. 2008இல் திருத்தப்பட்ட அதன் 69ஆம் பிரிவு இறையாண்மை, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு எனக் கனத்த காரணங்களை அடுக்கிக்கொண்டே வந்து, ‘எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும்’ என்று முடிகிறது. இறுதியில் வரும் இச்சொற்றொடருக்குப் பின் முன்னவற்றுக்கு என்ன பொருள் எஞ்சுகிறது? கொலைக்கும் சில்லறைத் திருட்டுக்கும் ஒரே திறவுகோல்.

இவ்விடத்தில் இமாம் மாவர்தீயை நினையாதிருக்க இயலவில்லை. கி.பி. 1058இல் பக்தாதில் மறைந்த அந்த நீதிபதி, ‘அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா’வில் முஹ்தஸிபின் அதிகாரங்களை வகுக்கிறார். வெளிப்படாத தவறுகளைத் துருவி ஆராயும் உரிமை முஹ்தஸிபுக்கு இல்லை என்பது அவருடைய விதி. ஆனால், ஒருவன் மற்றொருவனைக் கொல்லும் நோக்கத்துடன் தனித்திருக்கிறான் என்று நம்பத்தக்கவர் அறிவித்தால், துருவலாம். பிந்தினால் அவ்விழப்பை மீட்க வழியில்லை. தகவலின் நம்பகம், இழப்பின் தன்மை ஆகிய இரண்டும் அங்கே அளவுகோல்கள். முஹ்தஸிப் இன்றைய காவல்துறை அதிகாரி அல்லர். ஒப்புமையை மிக நீட்டலாகாது. எனினும், குற்றங்களைத் தரம் பிரிக்கும் அந்த நுட்பம் 69ஆம் பிரிவில் இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசின் தலையீடு நோக்கத்தின் அளவை மீறலாகாது என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே பத்து அமைப்புகளுக்குக் கணினிகளைக் கண்காணிக்கும் அதிகாரத்தை உள்துறை அமைச்சகம் அறிவித்தது. 2009ஆம் ஆண்டின் விதிகளின்படி ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர்; அதனைச் சீராய்வது செயலாளர்கள் அடங்கிய குழு. கண்காணிக்கப்பட்டவருக்கு எதுவும் தெரிவிக்கப்படுவதில்லை. தெரியாதவர் எங்கே சென்று முறையிடுவார்?

நீதிபதியின் முன்அனுமதி தாமதத்தை உண்டாக்கும் என்பது காவல்துறையின் வாதம். கடத்தப்பட்ட குழந்தையைத் தேடுகையில் ஒரு மணி நேரமும் பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆயின், அவசர நிலையில் மூத்த காவல் அதிகாரியே ஆணையிட்டு, மூன்று வேலை நாள்களுக்குள் மேலிடத்திற்கு அறிவித்து, ஏழு வேலை நாள்களுக்குள் ஒப்புதல் பெறலாம் என அவ்விதிகளே இடமளிக்கின்றன. அவ்வொப்புதலைச் செயலாளருக்குப் பதிலாக ஒரு நீதிபதி வழங்கினால், தேடுதலில் ஒரு நிமிடமும் குறையப்போவதில்லை.