வலையை ரசிப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் வடித்த ஒரு முகத்தைக் காணும்போது, தோலின் நுண்துளைகளையும் கண்ணோரச் சுருக்கங்களையும் மெச்சிவிட்டு எழுந்துவிடுகிறோமே தவிர, அந்த அலங்காரங்களையெல்லாம் தாங்கி நிற்கும் மெஷ் என்னும் வலையை நாம் பார்ப்பதில்லை. பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில், கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃப்ரேம் காட்சியைத் திறந்த மாத்திரத்தில் அது புலப்படும். ரசனை அங்கே ஆரம்பமாகிறது.

முதலில் கண்ணையும் வாயையும் நோக்குங்கள். அவற்றைச் சூழ்ந்த தசைகள் வளையமானவை ஆதலால், நல்ல வலையில் கோடுகளும் கல் விழுந்த குளத்து அலைபோல வளையம் வளையமாக விரிந்து, மூக்கோரத்திலிருந்து உதட்டுக் கோடிக்கு இறங்கும் மடிப்போடு இசைந்து செல்லும். பிறகு கண்ணிகளைக் கவனியுங்கள். அவை ஏறத்தாழச் சமச்சதுரமாக இருப்பது லட்சணம்; நீண்டு இழுபட்ட கண்ணியின்மேல் செதுக்கிய ரேகை ஒரு திசையில் கூர்மையாகவும் மறுதிசையில் உடைந்தும் விழும்.

சூட்சுமம் இனிமேல்தான் இருக்கிறது. வலையை மேன்மேலும் நுணுக்கமாகப் பகுப்பதற்கு 1978-இல் எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் இருவரும் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு பகுப்பிலும் ஒரு நாற்கோணக் கண்ணி நான்காகிறது. 5,000 கண்ணிகள் ஐந்தே பகுப்பில் 51,20,000 ஆகிவிடும். வலையின் உட்புறத்தில் நான்கு கோடுகள் கூடுவது இயல்பான சந்தி; மூன்றோ ஐந்தோ கூடினால் அது போல் எனப்படும். எத்தனை முறை பகுத்தாலும் போல் மறைவதில்லை. முக்கோணம் ஒன்று தங்கியிருந்தால், முதற்பகுப்பிலேயே அதன் நடுவில் புதிய போல் பிறந்து நிலைத்துவிடும். பகுப்பு கண்ணிகளைப் பெருக்குமேயன்றிக் குறையைத் தீர்க்காது. ஆகையால்தான் தேர்ந்த கலைஞர், நுண்வேலையைத் தொடுமுன்பே ரீடோபாலஜி, அதாவது வலையை மறுபடி பின்னும் வேலையைச் செய்து, அதைச் சீராக்கிக்கொள்கிறார்.

போலே இல்லாத வலை உத்தமமன்றோ எனில், தலையைப் போன்ற மூடிய உருண்டை வடிவை முற்றும் நாற்கோணங்களால் போர்த்தும்போது அது அசாத்தியம். கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் மும்மூன்று கோடுகளே கூடுவதைப் பாருங்கள். விலக்க முடியாத ஒன்றை எங்கே வைத்தார் என்பதில்தான் கலைஞரின் விவேகம் வெளிப்படுகிறது. காதின் பின்னாலோ, அசைவு குறைந்த கன்ன எலும்பின் மேலோ ஒதுக்கியிருந்தால் மெச்சுங்கள். உதட்டுக் கோடியில் வைத்திருந்தால், வெளிச்சத்தைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். கிள்ளிவிட்டாற்போல் ஒரு நிழல் அங்கே விழும்.

பிக்ஸார் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட 'கெரீஸ் கேம்' குறும்படத்தில், பூங்காவில் தன்னோடு தானே சதுரங்கம் ஆடும் கிழவரின் தலையும் கைகளும் இந்தப் பகுப்பு முறையில் உருவானவை. முடிவில் ஆட்டத்தில் ஜெயித்த பல்செட்டை மாட்டிக்கொண்டு அவர் சிரிக்கும்போது, பல்லை விட்டுவிட்டுக் கன்னத்து மடிப்பைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வளையங்கள் அங்கே அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்.