டோல்ஸ்டோயின் இரு கதைகளில் பணிவிடை

பணிவிடையைக் கிறிஸ்தவ விசுவாசத்தின் வெளிப்பாடாகக் கொள்ளும் இலக்கியங்களை நோக்குமிடத்து, அதனைச் செய்பவர் யார், பெறுபவர் யார் என்னும் வினா முதற்கண் எழுகின்றது. யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்திற் குருவே சீடரின் கால்களைக் கழுவுகின்றார். அடிமைக்குரிய தொழிலை ஆண்டவர் மேற்கொள்ளும் இத்தலைகீழ் மாற்றமே அந்நிகழ்ச்சியின் உயிர்நாடியாகும். சீடர் குருவின் கால்களைக் கழுவியிருப்பின் அது வெறும் வழமையாகவே முடிந்திருக்கும். டோல்ஸ்டோயின் இரு கதைகளை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் பயனுடையது.

1886இல் வெளிவந்த 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் கதையில், குடியானவ இளைஞனான கெராசிம் நோயுற்ற நீதிபதியின் மலசலத்தை அகற்றுகின்றான். அவரது வலி தணிய அவர் கால்களைத் தன் தோளிலே தாங்கி இரவுகளைக் கழிக்கின்றான். சுற்றியுள்ளோர் பொய்யுரைக்க, அவன் மட்டும் மரணத்தை மறைப்பதில்லை. ஒருநாள் தனக்கும் எவரேனும் இவ்வாறு செய்வர் என்பதே அவனது எளிய நம்பிக்கை. இப்பாத்திரத்தைக் கிறிஸ்தவ அன்பின் வடிவமாகக் காண்பது இயல்பே. அவனது முகமே இவான் இலியிச்சின் மனத்தில், தன் வாழ்வு பிழைபட்டதோ என்னும் ஐயத்தைத் தோற்றுவிக்கின்றது. எனினும் கெராசிம் அவ்வீட்டின் பணியாள். அவன் பெறும் கூலி, அவன் இழக்கும் உறக்கம் என்பன கதையில் வினாக்களாக எழுவதில்லை. எசமானின் ஆன்ம ஈடேற்றத்துக்கு அவன் கருவியாகின்றான்.

1895இல் வெளிவந்த 'எசமானும் பணியாளும்' இவ்வகையில் ஒருபடி முன்னேறியது. வணிகனான பிரெகுனோவ் தேவாலய நிர்வாகியுமாவான். தோப்பொன்றை வாங்கப் புறப்படுகையில், தன் 700 ரூபிளுடன் தேவாலயப் பணம் 2,300 ரூபிளையும் சேர்த்துக்கொள்கின்றான். ஆண்டுக்கு 80 ரூபிள் பெறவேண்டிய நிக்கீத்தாவுக்கு அவன் கொடுப்பது ஏறத்தாழ 40. அதிலும் பெரும்பகுதி தன் கடைச் சரக்காக, அதிக விலையில். பக்தியும் சுரண்டலும் ஒரே மனிதனில் முரண்பாடின்றி வாழ்வதை இவ்விபரங்கள் காட்டுகின்றன. பனிப்புயலில் நிக்கீத்தாவைக் கைவிட்டுக் குதிரையேறிச் செல்லும் அவன், வழிதவறி அதேயிடத்துக்குத் திரும்புகின்றான். பின்னர் உறையும் பணியாள்மீது தன் உடலைப் போர்வையாக்கிப் படுத்து உயிர்துறக்கின்றான். எசமான் பணியாளுக்குப் பணிவிடை செய்யும் இக்கட்டத்திலேயே சுவிசேஷத்தின் தலைகீழ் மாற்றம் நிறைவுறுகின்றது.

ஆயினும் கதையின் முடிவு கவனத்துக்குரியது. நிக்கீத்தா மேலும் 20 ஆண்டுகள் வாழ்கின்றான். முதலிற் கூலியாளாகவும் முதுமையிற் காவற்காரனாகவும் உழைக்கின்றான். ஒரு மனிதன் மாறினான், உறவுமுறை மாறவில்லை. 1882இல் மொஸ்கோ குடித்தொகைக் கணக்கெடுப்பிற் பங்குகொண்டு நகரத்து வறுமையை நேரிற் கண்ட டோல்ஸ்டோய், பிறர் உழைப்பில் வாழ்வோரின் தருமம் வறுமையை நீக்காதெனப் பின்னர் வாதிட்டவர். அவ்வுண்மையை அறிந்திருந்தும் தனிமனித மனமாற்றத்துக்கு அப்பால் அவர் செல்லவில்லை. 1908இல் லெனின் சுட்டிய டோல்ஸ்டோயின் முரண்பாடுகளின் சாயலை இங்கும் காணலாம்.

எனவே தாழ்மையைப் போற்றும் இலக்கியத்தை மதிப்பிடுகையில், அத்தாழ்மை எவரிடம் கோரப்படுகின்றது என்பதை நோக்குதல் அவசியம். உயர்ந்தோரிடம் கோரப்படும்போது அது அறமாகின்றது. ஏற்கனவே தாழ்த்தப்பட்டோரிடம் கோரப்படும்போது அடிமைத்தனத்துக்கு அரணாகின்றது.