கட்டியங்காரன் இல்லாத கப்பல்

கையொலி! காதைப் பிளக்கும் கையொலி! கலசப்பாக்கத்தில், செய்யாற்றங்கரைக்குச் சற்று அப்பால், சுவரில் வெள்ளைத் துணி கட்டி இளைஞர் சிலர் திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தனர். படம் காஸி. 2017இல் சங்கல்ப் ரெட்டியின் இயக்கத்தில் தெலுங்கிலும் இந்தியிலும் உருவாகி, தமிழ்க் குரல் பூண்டு வந்த நீர்மூழ்கிக் கப்பல் கதை. மேலிடத்து ஆணை வரவில்லை. வராவிட்டால் என்ன, தாக்கு என்கிறான் கப்பல் தலைவன். அந்த இடத்தில்தான் கையொலி எழுந்தது. அடக்கிவைக்க அனுப்பப்பட்ட துணைத் தலைவனோ எரிச்சலூட்டும் இடையூறாகவே அவர்கள் கண்ணுக்குப் பட்டான்.

சவ்வாது மலையடிவாரத்தில் கடல் ஏது, கப்பல் ஏது, உமக்கேன் இந்தக் கவலை என்று கேட்கலாம். தோழர்களே, கடலையே காணாத அரக்கோணத்தில், இராசாளி என்னும் கடற்படைத் தளத்திலிருந்துதான் நீர்மூழ்கிகளைத் தேடும் வானூர்திகள் பறக்கின்றன. நெல்லைச் சீமையின் விசயநாராயணத்தில், கட்டபொம்மன் பெயர் தாங்கி 1990இல் தொடங்கிய நிலையத்திலிருந்துதான் கடலடியில் கிடக்கும் கப்பல்களுக்குச் செய்தி செல்கிறது. தமிழ் மண்ணிலிருந்து எழும் அலை அது. அதைப் பற்றித் தமிழன் சிந்திக்காமல் வேறு யார் சிந்திப்பது?

காஸியின் கதைக்கு வருவோம். 1971 திசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிசுதானின் காஸி மூழ்கியது உண்மை. இராசபுத் என்னும் நம் போர்க்கப்பல் வீசிய வெடிகளால் மூழ்கியது என்பது இந்தியக் கடற்படையின் கூற்று. உள்ளே நேர்ந்த வெடிப்பு, அல்லது தானே விதைத்த கண்ணிவெடி என்பது பாகிசுதானின் கூற்று. படமோ இரண்டையும் விட்டு மூன்றாவதாக ஒரு நீர்மூழ்கியைக் கொண்டுவந்து, அதன் மாலுமிகளை நாட்டுப்பண் பாடவைத்துப் பகைவனைச் சினமூட்டுகிறது. ஓசையே எமனாகும் இடத்தில் ஒரு கச்சேரி! போகட்டும், அங்கே இருந்தது வெறும் நீர்மூழ்கிக் குண்டு. தவறினால் ஒரு கப்பல் போகும்.

அதே தலைவனை அணு ஏவுகணை தாங்கிய கப்பலில் ஏற்றினால்? ஏற்றிப் பார்த்த படம் முன்பே உண்டு. 1995இல் டோனி சுகாட் இயக்கிய கிரிம்சன் டைட். உருசியக் கலகக்காரர்கள் ஏவுகணைத் தளமொன்றைக் கைப்பற்றுகின்றனர். ஏவு என்று அமெரிக்கக் கப்பலுக்கு ஆணை வருகிறது. அடுத்த செய்தி பாதியிலேயே அறுந்துபோகிறது. முழுமையாக வந்த ஆணைப்படி ஏவுவோம் என்கிறான் தலைவன் இராம்சி. மீதியை அறியாமல் ஏவலாகாது என்கிறான் துணைவன் அண்டர். கப்பலுக்குள் கலகம் மூள்கிறது. இந்தக் கதைக்கு உதவ முடியாதென்று அமெரிக்கக் கடற்படை கைவிரித்துவிட்டது.

நடிப்பு நன்று, பரபரப்பும் நன்று. போர்முறை மட்டும் பொய்க்கால் குதிரை. அணு நீர்மூழ்கி எதற்காக இருக்கிறது? நிலத்திலுள்ள ஏவுகணைகளும் வானூர்தித் தளங்களும் பகைவனின் முதலடியில் பொடியானாலும், கடலடியில் ஒளிந்தது எஞ்சும். எஞ்சியது திருப்பி அடிக்கும். அந்த அச்சமே முதலடியைத் தடுக்கும். அதன் வலிமையே காத்திருக்க முடிவதுதான். படத்துக்கோ காத்திருப்பு ஆகாது, கடிகாரம் வேண்டும். ஆகவே ஒளிந்து கிடக்க வேண்டியவனை, ஒரு மணி நேரத்தில் முந்தி அடிக்க வேண்டியவனாக மாற்றிவிட்டார்கள். ஒரு கப்பல் ஏவாவிட்டால் வேறொரு கப்பலுக்கு ஆணை போகும், அதற்காகத்தானே பல கப்பல்கள் என்று அண்டரே கேட்கிறான். சரியான கேள்வி! அதைக் கேட்கவைத்த படமே அடுத்த காட்சியில் அதை மறந்துவிடுகிறது.

ஆனால் ஒன்றை அந்தப் படம் சரியாகவே பிடித்தது: செய்தி அறுந்துபோகும் என்பது. சாதாரண வானொலி அலை உப்புநீரில் நுழையாது. மிக நீண்ட அலைதான் நுழையும். அதுவும் சில பத்து மீட்டர் ஆழமே. அதில் உரையாட முடியாது. சிறிய குறியீட்டுச் செய்திகளே மெல்ல மெல்ல வந்து சேரும். கப்பல் கேட்கலாம், அதே வழியில் மறுமொழி சொல்ல முடியாது. ஆழ்கடலிலிருந்து அமைச்சரோடு தொலைபேசியில் வாதாடும் காட்சியைக் கண்டால் தாராளமாகச் சிரிக்கலாம்.

செய்தி அற்றுப்போனால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒருமுறை கண்டது. 1962 அக்டோபர் 27, கியூபா நெருக்கடி. சோவியத்தின் பி-59 கப்பல் மாசுகோவின் தொடர்பற்றுக் கிடந்தது. மேலே அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கை வெடிகளை வீசிக்கொண்டிருந்தன. உள்ளே புழுக்கம், கப்பலில் அணுக்குண்டு ஒன்று. தலைவன் சவித்சுகி சினந்து அதை ஆயத்தமாக்கச் சொன்னான் என்றும், உடனிருந்த வசிலி ஆர்கிப்போவ் இணங்காமல் அவனை அமைதிப்படுத்தினார் என்றும் அக்கப்பலில் இருந்தவர் பின்னாளில் கூறினார். துப்பாக்கி தூக்கவில்லை, கலகம் மூட்டவில்லை, வேண்டாம் என்றார். கப்பல் மேலே வந்தது. எந்த இயக்குநருக்கு இது போதும்!

நம் நாட்டு நிலை என்ன? 2003 சனவரி 4இல் அரசு வெளியிட்ட கொள்கைப்படி, அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை. திருப்பித் தாக்க ஆணையிடுவது தலைமையமைச்சர் தலைமையிலான அரசியல் மன்றமே. 2016இல் பணியேற்ற அரிகந்த் தன் முதல் காவற்பயணத்தை முடித்ததாக 2018 நவம்பரில் அறிவித்தார்கள். 2024இல் அரிகாத் சேர்ந்தது. இக்கப்பல்களை வைத்து நாளை யாராவது படமெடுத்து, ஆணைக்குக் காத்திராத மாவீரனை உலவவிட்டால், அவன் பகைவனை அல்ல, மக்கள் தேர்ந்தெடுத்த அவையை வென்றவன் ஆவான்.

படம் முடிந்ததும் ஓர் இளைஞர் என்னை மடக்கினார்: "ஆணையே தவறாக வந்தால்?" அருமையான கேள்வி. 2019இல் அந்தோனின் போட்ரி எடுத்த பிரெஞ்சுப் படம், ஓநாயின் பாடல் என்று பொருள்படும் பெயருடையது, இதையே எடுத்துக்கொண்டது. பொய்த் தாக்குதலை மெய்யென்று நம்பி ஆணை போய்விடுகிறது. திரும்ப அழைக்க வழியில்லை. நம் ஊர் பாரதக் கூத்து பார்த்தவர்க்கு இது புதிதன்று. விட்ட அத்திரத்தை அருச்சுனன் மீட்டான், அசுவத்தாமனுக்கு மீட்கத் தெரியவில்லை. புராணத்தில் மந்திரம் இருந்தது. ஏவிய ஏவுகணைக்கு அதுவும் இல்லை.

அதே கூத்தில், மகுடம் தரித்து வரும் மன்னனையும் நிறுத்தி, நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்கக் கட்டியங்காரன் உண்டு. நான் பார்த்த நீர்மூழ்கிப் படங்களில் அந்த வேடத்துக்குக் கிடைப்பது ஏச்சுத்தான். அடுத்த வாரம் அதே சுவரில் கிரிம்சன் டைட் காட்டப் போகிறார்களாம். அண்டர் வாய்திறக்கும்போது யார் கைதட்டுகிறார்கள் என்று பார்க்க நானும் போகிறேன்.