ஃபிரேமின் மீது விழும் பழி

மோட்டார் பொருத்திய சைக்கிள் முறிந்து வந்தால் பட்டறையின் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: 'ஃபிரேம் மட்டம்.' எளிய தீர்ப்பு. சான்றை ஆராயாத தீர்ப்பு. எங்கே முறிந்தது என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

முறிவுகள் பெரும்பாலும் குழாயின் நடுவில் தொடங்குவதில்லை. விசை கைமாறும் இடத்தில் தொடங்குகின்றன. சக்கரத்தின் மையத்தில் அமரும் ஹப் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அதன் அச்சில் இருபுறமும் சீவிய தட்டைப் பரப்புகள், பொதுவாக 10 மி.மீ. அகலத்தில், ஃபோர்க்கின் வாயில் உட்கார்கின்றன. மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தால், அந்தச் சிறு நெம்பில் எதிர்விசை 4,000 நியூட்டன். இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்டாலும், ஒவ்வொரு வாயையும் சுமார் 200 கிலோ பாரம் பிளக்கப் பார்க்கிறது. நட்டின் இறுக்கம் ஒரு பங்கைத் தாங்கும். மோட்டாரையே பிரேக்காக்கும் வகையில் விசை திசை மாறி மாறி வருவதால் அந்த இறுக்கமும் தளரும். எஃகு வாய் வளைந்து எச்சரிக்கும். வார்ப்பு அலுமினியம் அந்த மரியாதையையும் காட்டாது.

250 வாட் மோட்டார் ஃபிரேமுக்குத் தீங்கற்றது என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. 0.25 கிலோவாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்ட வண்டிக்கு நம் விதிகள் பதிவு கேட்பதில்லை. சாலைக்கு அது நியாயமான எல்லை. ஆனால் பல்சக்கரம் உள்ள சிறு மோட்டாரும் அதே 40 நியூட்டன் மீட்டரைத் தரவல்லது. வாட் வேறு, முறுக்கு வேறு.

பெட்ரோல் இன்ஜின் கிட்டுகளின் குற்றம் இன்னும் வெளிப்படை. கவ்வி பொருந்தாத தடித்த குழாயில் துளை போட்டு போல்ட் மாட்டுவது, முறிவுக்கு நாள் குறித்துக் கொடுப்பதாகும். இழுவிசை தாங்கும் தகட்டில் ஒரு வட்டத் துளை, தன் விளிம்பில் தகைவை மூன்று மடங்காக்கும் என்பது பாடநூல் செய்தி. அதன்மேல் இன்ஜினின் ஓயாத அதிர்வு.

இன்ஜின் வைக்கும் இடமும் முக்கியம். மோட்டார் சைக்கிள் முன்னோடிகளான வெர்னர் சகோதரர்கள் 1897-இல் முன்சக்கரத்தின் மேல் வைத்த இன்ஜினை 1901-இல் பெடல் அச்சருகே இறக்கி, ஃபிரேமின் அங்கமாகவே ஆக்கினார்கள். தம் படைப்பைத் தாமே திருத்திய விமர்சகர்கள் அவர்கள். ஆயினும் இடத்தை மட்டும் குறை சொல்வதும் பிழை. 1946-இல் சந்தைக்கு வந்த பிரான்சின் சோலெக்ஸ் மொபெட், இன்ஜினை முன்சக்கரத்தின் மேலேயே சுமந்து, 1988 வரை அந்நாட்டில் உற்பத்தியில் இருந்தது. உருளை டயரைத் தேய்த்து ஓட்டியது. முறுக்கு அச்சுக்குப் போகவே இல்லை. ஃபிரேமும் அதற்கென்றே வடிக்கப்பட்டது. முறை ஒத்திசைந்தால் பழைய குறையும் குறையாகாது.

பெடல் அச்சில் பொருத்தும் மோட்டார் ஃபோர்க்கைக் காக்கிறது, செயினைத் தின்கிறது. அது ஏற்கத்தக்க பேரம்.

ஆகவே என் மதிப்பீடு: எஃகு ஃபிரேம், பின்சக்கர மோட்டார், இருபுறமும் முறுக்கைத் தாங்கும் டார்க் ஆர்ம் பட்டை என்றால் தேறும். பட்டையில்லாத அலுமினிய முன்ஃபோர்க் தேறாது. துளையிட்ட குழாய் மதிப்பீட்டுக்கே உரியதல்ல, இன்றே கழற்றிவிடுங்கள்.