விலங்கின் அச்சமும் தமிழ்க் கலைச்சொல்லும்

1. சிக்கல்

2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் புதுதில்லியில் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. அச்சுறுத்தலை எதிர்கொள்ளும் காளை ஓட முயலும் அல்லது எதிர்த்துத் தாக்கும். இந்த இயல்பான எதிர்வினையே இவ்விளையாட்டில் பயன்படுத்திக்கொள்ளப்படுகிறது என்பது அத்தீர்ப்பு காட்டிய காரணங்களுள் ஒன்று. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் தேவையற்ற வலியையும் துன்பத்தையும் தடுக்கக் கோருகிறது. ஆகவே காளையின் உடலில் காணப்பட்டதிலிருந்து அதன் உள்ளத்தில் நிகழ்வதை நோக்கி நீதிமன்றம் ஓர் அடி எடுத்துவைக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு ஊர்களின் காளையைப் பற்றிய அந்த வாதம் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதனைத் தமிழில் பெயர்ப்பவர் எச்சொற்களைக் கையாள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

விலங்குகளின் மூளை, சிந்தனை, உணர்ச்சி ஆகியவற்றின் வரலாற்றைத் தமிழில் எழுதும்போது நாம் ஆளும் கலைச்சொற்கள் பல ஒரு படிநிலைக் கருத்தை உள்ளடக்கியுள்ளன. உயிரியல் அக்கருத்தைக் கைவிட்டுவிட்டது. சொற்கள் அதனை இன்னும் சுமக்கின்றன. இதனை நிறுவிய பின், வழக்கில் உள்ள சொற்களைக் கொண்டே ஒரு மாற்றை முன்வைக்கலாம்.

2. ‘படி’ என்னும் உருவகம்

உயிரினங்களின் மாற்ற வரலாற்றைக் குறிக்கத் தமிழில் பரிணாமம், கூர்ப்பு, படிமலர்ச்சி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. பரிணாமம் மாறுதலை மட்டுமே சுட்டும் வடசொல். கூர்ப்பு இலங்கைப் பாடநூல்களில் நிலைபெற்றது. மிகுதல், கூர்மையடைதல் என்ற பொருள் அதன் வேரில் உண்டு. படிமலர்ச்சி தனித்தமிழ் நோக்கில் விரும்பப்படுவது. இதன் இரு உறுப்புகளும் ஏற்றத்தையே குறிக்கின்றன. படி என்றால் மேலே ஏறுவது. மலர்ச்சி என்றால் நிறைவை நோக்கிச் செல்வது. டார்வினோ மாறுதலோடு கூடிய வழிவருகையைப் பற்றியே பேசினார். அவரது கோட்பாட்டுக்குப் பொருத்தமான படம் கிளைவிடும் மரம், ஏணி அன்று.

இத்தகைய சொல் ஆய்வையே திசைதிருப்பக்கூடும் என்பதற்குப் பறவை மூளையியல் சான்று தருகிறது. லூட்விக் எடிங்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மூளைப் பகுதிகளுக்குப் பழையது, புதியது என்ற முன்னொட்டுகளைக் கொண்ட பெயர்களைப் பரப்பினார். பறவையின் முன்மூளையில் பெரும்பகுதி பாலூட்டிகளின் அடித்தள நரம்பு முடிச்சுகளுக்கு ஒப்பானது என்று அப்பெயர்கள் கருத வைத்தன. ஆகவே பறவையின் நடத்தை சிந்தனையற்ற இயல்பூக்கமே என்றும் கொள்ளப்பட்டது. 2002இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிஞர்கள் இப்பெயர்களை மாற்ற முடிவு செய்தனர். புதிய பெயர்த்தொகுதி 2004இல் வெளியாயிற்று. முன்பு அடித்தள முடிச்சாகக் கருதப்பட்ட பகுதியில் பெரும்பங்கு, பாலூட்டிகளின் புறணியோடு ஒப்பிடத்தக்க மூளைப்போர்வை என ஏற்கப்பட்டது. கிளிகள், பாடும் பறவைகள் ஆகியவற்றின் முன்மூளையில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன என்பது 2016இல் எண்ணிக்கையாலும் காட்டப்பட்டது. உண்மைகள் வந்து சேரும்வரை பெயர் காத்திருக்கவில்லை. அவற்றுக்கு முன்பே தீர்ப்புக் கூறிவிட்டது.

3. ஆறறிவும் மனவெழுச்சியும்

தமிழில் படிநிலைக்கு மற்றொரு மூலம் உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. தொடுவுணர்வில் தொடங்கிச் சுவை, மோப்பம், பார்வை, கேள்வி என வளர்ந்து மனத்தில் முடிவது அவ்வகைப்பாடு. இதனைப் பரிணாமக் கொள்கையின் முன்னறிவிப்பாகப் போற்றுவோர் உளர். அது பொருந்தாது. மரபியல் கூறுவது வகைப்பாடு. ஓர் உயிர் மற்றொன்றிலிருந்து தோன்றியது என்ற கருத்து அதில் இல்லை. எனினும் அதன் நுட்பத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறு. விலங்குகளுள் ஒருசாரனவும் ஆறறிவுடையன என்ற கருத்துடைய நூற்பா ஒன்று சில பதிப்புகளில் உண்டு. அதற்குப் பழைய உரை கிளி, குரங்கு, யானை ஆகியவற்றைச் சான்றாகக் காட்டுகிறது. எல்லைக்கோட்டை வரைந்த மரபே அதன் விதிவிலக்குகளையும் கண்டிருக்கிறது. ‘ஐந்தறிவு ஜீவன்’ என்று இன்று நாம் எளிதாகக் கூறும் தொடரில் அந்தத் தயக்கம் மறைந்துவிட்டது.

இவ்வெல்லை கலைச்சொல்லாக்கத்தில் எவ்வாறு புகுகிறது என்பதற்கு மனவெழுச்சி என்ற சொல் எடுத்துக்காட்டு. கல்வி உளவியல் நூல்களில் இச்சொல் பரவலாக ஆளப்படுகிறது. மனித உளவியலுக்கு இது இடர் செய்வதில்லை. ஆனால் மனம் மக்களுக்கே உரிய ஆறாம் அறிவு என்று கொள்ளும் மொழிச்சூழலில் ‘விலங்கின் மனவெழுச்சி’ என்ற தொடர் தன்னுள்ளேயே முரண்படுகிறது. ஆய்வு முடிவு செய்ய வேண்டியதைச் சொல்லாக்கம் முடிவு செய்துவிடுகிறது. உணர்வு, உணர்ச்சி என்ற சொற்களுக்கு இக்குறை இல்லை. எனினும் ஒரே நூலில் உணர்வு என்பது புலனுணர்வையும், விழிப்புநிலையையும், மகிழ்ச்சி துயரங்களையும் மாறி மாறிக் குறிப்பதைக் காண்கிறோம்.

4. மிரளுதலும் அஞ்சுதலும்

இவ்வேறுபாடுகளைக் காப்பது மேலைநாட்டு அறிவியலுக்கும் எளிதாக இருக்கவில்லை. ‘மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு’ குறித்து 1872இல் நூல் எழுதிய டார்வின் வெளிப்பாட்டையே ஆராய்ந்தார். உள்ளே நிகழ்வதை அதிலிருந்து ஊகித்தார். அச்சத்தின் மூளை வழிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜோசப் லெடூ, 2012 முதல், அச்சம் என்ற சொல்லை நனவோடு உணரப்படும் அனுபவத்துக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும் என்றும், எலியின் மூளையில் தாம் கண்டது அச்சுறுத்தலுக்கு எதிர்வினையாற்றும் பிழைப்புச் சுற்று என்றும் வாதிட்டு வருகிறார். யாக் பாங்க்செப் இதற்கு மாறாக, பாலூட்டிகளுக்கு உணரப்படும் உணர்ச்சி உண்டு என்றார். தாம் வகுத்த ஏழு உணர்ச்சி அமைப்புகளின் பெயர்களைப் பொதுவழக்கிலிருந்து பிரித்துக்காட்ட அவர் முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதினார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு தமிழ் எழுத்துமுறையில் இல்லை. ஆகவே அவரைப் பெயர்ப்பவர் சொல் அளவிலேயே அவ்வேறுபாட்டைக் காட்டியாக வேண்டும்.

தமிழ் வழக்கு இங்கே கைகொடுக்கிறது. மாடு வளர்ப்போர் ‘மாடு மிரளுகிறது’ என்பர். ‘அஞ்சுகிறது’ என்று கூறுவது அரிது. மிரளுதல் கண் விரிதல், உடல் வெட்டுதல், ஓட முற்படுதல் ஆகிய காணத்தக்க நிகழ்வுகளின் தொகுதி. அஞ்சுதல் உள்நிலையைக் கூறுகிறது. மிரளுதல் விலங்குக்கென ஒதுக்கப்பட்ட தாழ்ந்த சொல் அன்று, குழந்தையும் மிரளும். ஆகவே அது உயிரினங்களுக்கிடையே ஏணி வைப்பதில்லை.

காணத்தக்கவற்றுக்குப் பொதுப்பெயராக மெய்ப்பாடு என்ற சொல்லைப் பரிந்துரைக்கலாம். அது இலக்கியக் கோட்பாட்டுச் சொல் என்ற தடை எழும். அத்தடைக்கு வலு உண்டு. மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக விலங்கைக் கூறுகிறது. அங்கே விலங்கு அஞ்சப்படுவதாகவே இடம்பெறுகிறது. எனினும் உள்ளத்து நிகழ்வு உடலில் வெளிப்படுதல் என்ற அதன் கருப்பொருளே டார்வின் ஆராய்ந்த பொருளுமாகும். ஆகவே காணப்படுவதற்கு மெய்ப்பாடு, உணரப்படுவதற்கு உணர்ச்சி, புலன்வழிப் பெறுவதற்குப் புலனுணர்வு என மூன்றையும் பிரித்தாளலாம்.

5. தீர்ப்பை நோக்கி

இப்பாகுபாட்டைத் தீர்ப்பு மொழிபெயர்ப்பில் பொருத்திப் பார்க்கலாம். காளையின் எதிர்வினை வரும் இடமெல்லாம் அச்சம் என்று எழுதினால் ஊகம் காட்சியாகிவிடும். நீதிமன்றம் எடுத்துவைத்த அடி வாசகர் கண்ணுக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் மிரளுதல் என்று எழுதினால் காளைக்குத் துன்பம் உண்டு என்ற முடிவே கரைந்துபோகும். கண்ட நடத்தைக்கு மிரளுதலும் அதிலிருந்து கொண்ட முடிவுக்கு அச்சமும் என்று எழுதினால் வாதத்தின் கட்டமைப்பு தமிழிலும் நிற்கும். அதனை ஏற்பவர் எதை ஏற்கிறோம் என்பதையும், மறுப்பவர் எவ்விடத்தில் மறுக்கிறோம் என்பதையும் அறிவர். சட்டம் இணைத்துக் கூறும் வலி, துன்பம் என்ற இரண்டையும் ‘வதை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடாமல் காப்பதும் இவ்வாறே இன்றியமையாதது.

2017இல் தமிழ்நாடு இயற்றிய திருத்தச் சட்டத்தை 2023 மே 18இல் ஐவர் அமர்வு செல்லும் என ஏற்றது. திருத்தமும் விதிகளும் விலங்குகளின் வலியையும் துன்பத்தையும் கணிசமாகக் குறைக்கின்றன என்பது அதன் நிலைப்பாடு. குறைந்தது எது என்று கேட்பதற்கும் அதே சொற்களே வேண்டும். இரு தீர்ப்புகளில் எது சரி என்று கூறுவது மொழியியலாரின் பணி அன்று. அவ்வினாவைத் தமிழில் பிழையின்றிக் கேட்க வகைசெய்வது நம் பணி. மாடு மிரளுவதை அருகிலிருந்து கண்டு அதற்குச் சொல்லும் வைத்திருக்கும் மக்கள், தம் காளையைப் பற்றிய வாதத்தைத் தம் மொழியில் எடைபோட இயலாது போனால், அது காளையின் குறையோ மக்களின் குறையோ ஆகாது. சொல்லைத் தேர்ந்தவர் குறையாகும்.