இறங்கிய பாரம்: இரட்சணிய யாத்திரிகம் பற்றி

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையில், பயணி சிலுவையடியை அடைந்ததும் அவன் முதுகுச் சுமை தானே அவிழ்ந்து கல்லறைக்குள் உருண்டு மறைகிறது. மனிதன் தன் நற்செயலால் அன்று, இயேசுவின் பலியை நம்புவதாலேயே மீட்படைகிறான் என்னும் சுவிசேஷ சமயத்தின் மூலக் கோட்பாடு அச்சில வரிகளில் அடங்கிவிடுகிறது. சிலுவைக் கதை பனியனின் வாசகர் அறிந்தது.

நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் பிறந்து, 1858இல் ஞானமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு அவ்வசதி இல்லை. பனியனைத் தழுவி அவர் பாடிய காப்பியம் 1894இல் வெளிவந்தது. அதன் குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசு இகழப்பட்டதையும் அறையுண்டதையும் விரித்துரைக்கிறார். அங்கே வாதம் இல்லை. கம்பனில் தோய்ந்தவரின் அவலச்சுவை உண்டு. கோட்பாடு கவிதையாவது அவ்விடத்தில்தான். மாந்தர் அதனை விளக்கிப் பேசத் தொடங்கும் பகுதிகளில் பிரசங்கமே கேட்கிறது.

ஒருவர் பாரத்தை மற்றவர் சுமப்பதில்லை, ஈசா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்று கொள்ளும் நாம் அவர் முடிவை ஏற்க இயலாது. ஆயினும் சீறாப்புராணம் பயின்றோர்க்கு இம்முயற்சி அந்நியமன்று. அரபு மண்ணின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொணர்ந்த உமறுப்புலவரும் அதே தென்சீமையினர்தாமே.