இரைச்சலும் நைச்சியமும்

இரைச்சல் என்றாலே கலகம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு. எம்.ஏ. படிக்கையில் விடுதி நண்பர் ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்த த்ராபிங் கிரிஸில் குழுவை அப்படித்தான் கேட்டோம். 1976இல் லண்டனில் இவர்கள் நடத்திய 'ப்ராஸ்டிட்யூஷன்' கண்காட்சிக்காக, நாகரிகத்தையே நாசமாக்குகிறவர்கள் என்று ஒரு எம்.பி. கொதித்தாராம். எங்களுக்கு அந்தச் சான்றிதழே போதுமாயிருந்தது. இரைச்சல் வரப்போகிற சமூகத்தை முன்னறிவிக்கும் என்று 1977இல் எழுதிய ழாக் அத்தாலியை வேறு துணைக்கு வைத்துக்கொண்டோம். (அவர் 1981இல் பிரெஞ்சு அதிபரின் ஆலோசகராகி, 1991இல் ஒரு பன்னாட்டு வங்கிக்குத் தலைவரும் ஆனார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

'20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்' (1979) இந்த நம்பிக்கையை இடறிவிட்ட ஆல்பம். பேரே பொய். பாட்டுகள் 20 இல்லை, 11தான்; ஜாஸ் தட்டும் இல்லை, ஃபங்க் தட்டும் இல்லை. உறையில் நாலு பேரும் பூத்த புல்வெளியில், மலிவான மெல்லிசைத் தட்டுக்காரர்கள் மாதிரி இதமாக நிற்கிறார்கள். அந்த இடம் பீச்சி ஹெட், தற்கொலைகளுக்குப் பேர்போன கடலோரப் பாறைமுனை. முந்தைய தட்டுகளின் காதைக் கிழிக்கிற சத்தத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். நிறைய இடங்களில் சிந்தசைசர் சொகுசாக ஓடுகிறது.

சத்தம் தாக்கினால் காதைப் பொத்திக்கொள்ளலாம். நைச்சியத்துக்கு என்ன செய்வது? 'பெர்சுவேஷன்' பாட்டில் ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜின் குரல் அவசரமே இல்லாமல் ஒரு பெண்ணை இணங்கவைக்கப் பார்க்கிறது. அடியில் ஒரே பேஸ் சுரங்கள் திரும்பத் திரும்ப. அதிகாரம் அதட்டுவதில்லை, கெஞ்சுகிறது. ஆதிக்கத்தின் மொழியை இந்தப் பாட்டு தோலுரிக்கிறது என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன்.

2017இல் கோசி ஃபேனி டுட்டியின் தன்வரலாறு வந்தது. குழுவுக்குள் ஜெனிசிஸ் தன்னை வற்புறுத்தியதையும் வன்முறை செய்ததையும் அதில் எழுதினார். 2020இல் இறந்த ஜெனிசிஸ் அவற்றை மறுத்திருந்தார். இனி அந்தக் குரல் காட்டுவது எது, செய்வது எது? ஆசிரியன் செத்துவிட்டான் என்று பார்த்தைச் சொல்லி நழுவிவிடலாம். அப்படியானால் அடிபட்டேன் என்று சொல்கிறவரை எங்கே வைப்பது? கட்டுப்பாட்டுக்கு எதிரான கலகம் என்று நாம் கொண்டாடிய பிரதிக்குள், அந்தக் கட்டுப்பாட்டைச் சுமந்துகொண்டே ஒருத்தி கார்னெட் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் காதில் அது ஏன் விழவில்லை?

ஆல்பத்தைத் தூக்கிப்போட எனக்கு மனசில்லை. இப்போது கோசியின் குரல் முன்னுக்கு வரும் 'ஹாட் ஆன் த ஹீல்ஸ் ஆஃப் லவ்' பாட்டிலிருந்து கேட்கத் தொடங்குகிறேன். ஆட்டத்துக்கான தாளம், நடுவில் அவருடைய கிசுகிசுப்பு. அது முடிந்த கையோடு வருவது 'பெர்சுவேஷன்'தான்.